இடப்பக்கக் குழாய்

ஜூன் 12, திங்கள்

மோட்டார் போட மறந்த வீட்டுக்கார அம்மாவிடம் காலையிலேயே ஒரு மூச்சுச் சண்டை. நல்ல தொடக்கம்.

ஆபீசில் மூன்று புகார். கோட்டயத்து டாக்டருக்கு எங்கள் ரயில்பெட்டியின் சிவப்பு, அவர் சின்ன வயதில் பார்த்த சிவப்பு இல்லையாம். ஆளுக்கொரு சின்ன வயது, ஆளுக்கொரு சிவப்பு. எங்களிடம் இருப்பது ஒரே டப்பா. நாக்பூர்க்காரர் எஞ்சினின் இடுப்பில் ஆணித்தலை இரண்டு குறைவதாக எண்ணிச் சொல்கிறார். இவருக்கெல்லாம் வீட்டில் காய் நறுக்கக் கொடுக்க மாட்டார்களா?

மூன்றாவது பெங்களூர். கலியபெருமாள் என்று பெயர். எங்கள் புது மாடலான பழைய மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினை மகன் வாங்கித் தந்திருக்கிறார். கொதிகலனை ஒட்டி ஓடும் பெரிய குழாயை வலப்பக்கம் வைத்திருக்கிறோமாம், அது இடப்பக்கம் இருக்க வேண்டுமாம்.

வெளியே யாரிடம் சொன்னாலும் "பொம்மை ரயில் கம்பெனியா?" என்கிறார்கள். பொம்மை இல்லை. மாதிரி. பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து, அசல் எப்படி இருந்ததோ அப்படியே சிறிதாக்கித் தருகிறோம். கோயமுத்தூர் பீளமேட்டில் பம்பு கம்பெனிக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இதைச் செய்கிறோம். அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் நான்தான், விற்ற பிறகு போனில் திட்டு வாங்குவதும் நான்தான். குழாய் வலப்பக்கம்தான். நான் பார்த்து வைத்த குழாய்.

என் அம்மா காலமான பிறகு டைரி எழுத ஆரம்பித்தேன். பேச ஆள் இல்லை என்று இல்லை. மறதிக்காகத்தான்.

ஜூன் 15, வியாழன்

பெங்களூர்க்காரருக்குப் படங்களை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"படம் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். படம் தப்பு."

"படம் எப்படிங்க தப்பாகும்?"

"அது வேற ஊரு எஞ்சினா இருக்கும். எங்க ஊருக்கு வந்தது இப்புடி இல்ல."

"எல்லாமே ஒரே அச்சுல வந்ததுதானுங்க."

"ஏம்மா, அந்த எஞ்சினை நீ நேர்ல பாத்துருக்கியா?"

பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

"நான் தெனம் பாத்துருக்கேன். மேலப்பூவனூர் ஸ்டேசன் கேட்டுக்கு எதுத்தாப்புல எனக்குக் கடை. காலை வண்டி கடைக்கு நேரா வந்து நிக்கும். எடதுபக்கமா போவும். அந்தப் பக்கம் கொழாய் பளபளன்னு இருக்கும். முப்பது வருசம்மா. எங்கிட்ட போட்டோ காமிக்கிறியே."

எங்கள் முதலாளி சுகுமாரனுக்கு ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் தன் வாயால் 'சரி' என்று சொன்னால்தான் புகார் முடிந்ததாகக் கணக்கு. இவர் சொல்லவில்லை. "சார்" என்று கூப்பிடாதே, யாரோ மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 18, ஞாயிறு

துணி துவைத்தேன். காய்ந்தது.

ஜூன் 22, வியாழன்

அவரே கூப்பிட்டார். குழாய் அப்படியே இருக்க, இப்போது கரித்தொட்டியில் ஏறும் ஏணி வேறு தப்பான பக்கமாம். சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சொன்னேன். "நீ பொறந்தே இருக்க மாட்டே" என்றார். பிறந்துவிட்டேன், நாற்பத்தொன்பது ஆகிறது என்றேன். சிரித்தார். போனில் அவருக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பிரஷர் குக்கர் இல்லை, டிவி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. எட்டு மணிக்கே எல்லோரும் கிளம்பிவிடுவார்களாம். ஒன்பதாவது மாடி. எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாதாம், இவருக்கு வேறு எதுவும் தெரியாதாம்.

ஒரு புகாருக்கு இவ்வளவு நேரமா என்று முதலாளி கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். வாடிக்கையாளர் சேவை என்றால் சும்மாவா?

ஜூலை 2, ஞாயிறு

சாயங்காலம் தொண்டையைச் செருமிக்கொண்டேன். காலையிலிருந்து என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான் என்று பிறகுதான் தோன்றியது. இட்லி மாவு புளித்துவிட்டது. கால் படி போட்டாலும் ஒரு ஆளுக்கு மிஞ்சுகிறது.

ஜூலை 6, வியாழன்

இனி "அண்ணா" என்று கூப்பிடுவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரை எல்லோரும் அண்ணாதான், எனக்குச் சிரமமில்லை.

அவர் சொன்னதை ஊர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். கடை வடக்கே பார்த்தது. காலை வண்டி கிழக்கே போகும். வடக்கே பார்த்து நிற்பவருக்குக் கிழக்கு வலது கைப் பக்கம். அப்படியானால் வண்டி வலப்பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும். இவரோ இடப்பக்கம் போனதாகச் சத்தியம் செய்கிறார். எஞ்சினை விடுங்கள், இவர் ரயிலையே திருப்பி ஓட்டுகிறார்.

இதைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, எனக்கு எது எடதுகை எது வலதுகைன்னு தெரியாதா?" என்று வைத்துவிட்டார். நாள் முழுக்க ஒரு மாதிரி இருந்தது. மதியம் அவித்த கடலை சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூலை 10, திங்கள்

முதலாளி எல்லோரையும் கூட்டி அறிவித்தார். அக்டோபரிலிருந்து போன் கிடையாது. புகார்களுக்கு வாட்ஸாப்பில் இயந்திரமே பதில் சொல்லும். நான் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்குள் பழைய புகார்களை எல்லாம் முடித்துவிட வேண்டும்.

"அந்தப் பெங்களூர் பார்ட்டியை மொதல்ல முடிங்க புனிதவல்லி. எஞ்சினைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டுக் காசைக் குடுத்துருங்க. நம்ம மேல தப்பில்லைன்னாலும் பரவாயில்ல."

"சரிங்க" என்றேன். போனைத் தூக்கித் தூக்கி என் காதுதான் தேய்ந்தது. நிம்மதி.

ஜூலை 13, வியாழன்

கோபம் போய்விட்டது. கூப்பிட்டார். எஞ்சினின் கறுப்பு போதாதாம். காசைத் திருப்பித் தரும் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 20, வியாழன்

மறுபடி மறந்துவிட்டேன். வயதாகிறது.

ஜூலை 27, வியாழன்

புகைக்கூண்டு ஒரு நூல் உயரம் குறைவு என்றார். "கையில எடுத்து வச்சுக்கிட்டுத்தாம்மா சொல்றேன்." அளந்து சொல்லுங்கள் என்றேன். ஸ்கேல் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அளந்து சொல்வதாக முடிவு.

"இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

"பருப்பு, கத்திரிக்காய் பொரியல், ரசமுங்க."

"ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

"இருக்கறாங்க, நாலஞ்சு பேரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் ஊறுகாயும் இருந்தன.

பெயின்ட் அடிக்கும் ஜெபமணி காதில் விழுந்துவிட்டது. "ஏனக்கா, நாலஞ்சு பேரும் நல்லா இருக்கறாங்களா?" என்று சாயங்காலம் வரை வைத்து ஓட்டினாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

முதலாளி சவரக் காயத்துக்கு மோவாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில் அண்ணாவிடம் சொன்னேன்.

"கத்தியைச் செங்குத்தாப் புடிச்சிருப்பான். தோலை இழுத்துப் புடிச்சு, சாய்ச்சு எறக்கணும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நல்லாக் கேட்ட போ. சலூன்ல முப்பது வருசம் பின்ன என்ன பண்ணினேன்?"

இத்தனை நாளாய்க் கடை கடை என்றதை நான் டீக்கடை என்றே நினைத்திருக்கிறேன். கேட்டதும் இல்லை. எஞ்சினைப் பற்றி இவ்வளவு விசாரித்தவள் மனுஷரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அப்ப வேலைக்கு நடுவுல கதவுப் பக்கம் திரும்பி எஞ்சினைப் பாப்பீங்களாக்கும்?"

"கழுத்துல கத்தி இருக்கறப்ப எப்புடிம்மா திரும்பறது? ஆளு செத்துருவான்ல?"

புகைக்கூண்டை இன்னும் அளக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கதவுக்கு முதுகு. கையில் கத்தி. திரும்ப முடியாது. அப்புறம் எங்கே பார்த்தார்?

சாம்பிளுக்கு வைத்திருந்த எஞ்சினைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டில்மேல் கிழக்கே பார்த்து வைத்தேன். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து நின்றேன். கண்ணாடிக்குள் எஞ்சின் இடப்பக்கம் பார்த்து நின்றது. குழாய் இடப்பக்கம். ஏணி இடப்பக்கம். அண்ணா சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது.

அந்த மனுஷர் முப்பது வருஷமும் ரயிலைச் சலூன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்!

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று சத்தமாகவே சொல்லித் திரும்பினேன். கட்டிலில் எஞ்சின்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, வியாழன்

கூப்பிட்டார். சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தடிமன் அதிகமாம். கண்ணாடி விஷயம் சொல்லவில்லை. வேலை நிறைய இருந்தது.

அக்டோபரிலிருந்து இந்த நம்பர் இருக்காது என்பதை மட்டும் சொன்னேன். "அப்புடியா" என்றார். "அப்ப அதுக்குள்ள எல்லாத் தப்பையும் சொல்லி முடிச்சுரணும்" என்றார்.

கண்ணாடி விஷயத்தைச் சொன்னால் 'சரி' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். புகாரும் முடியும், வியாழனும் முடியும். உண்மையைத் தெரிந்துகொண்டு வாயை மூடியிருப்பது எனக்குப் பழக்கமில்லாதது. நாக்பூர்க்காரருக்கு இரண்டு ஆணிக்கு இரண்டு பக்கம் பதில் எழுதியவள் நான்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கூப்பிடவில்லை. பெங்களூரில் மழையாக இருக்கும்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இல்லை. போன் வேலை செய்கிறதா என்று என் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தேன். அடித்தது. நானே எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றேன். ஜெபமணி பார்த்துவிட்டாள். இந்த முறை கேலி செய்யவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

நானே கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். மருமகளாம். லீவு போட்டுக் கூட இருக்கிறாராம்.

"மாமாவுக்குக் கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன் மேடம். ஒரு கண்ணு முடிஞ்சு, இப்ப இன்னொண்ணு. இப்பத்தான் தூங்கறாரு. நீங்க யாரு?"

ரயில் கம்பெனி என்றேன். எஞ்சின் புகார் விஷயமாக என்றேன்.

"அந்த ரயிலா? அது ஆடி பொறந்ததுமே உடைஞ்சு போச்சே. வேலைக்கு வர்றவங்க தூசி தட்டறப்ப கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. மாமாவும் பரவாயில்லைன்னுட்டாரு. இன்னும் என்ன புகார்?"

புகைக்கூண்டு. வெள்ளைக் கோடு. 'கையில எடுத்து வச்சுக்கிட்டுத்தாம்மா சொல்றேன்.'

"ஒண்ணுமில்லீங்க. சும்மா விசாரிக்கலாம்னு" என்றேன்.

"நீங்கதானா அந்த கோயமுத்தூர் அம்மா?" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "வியாழக்கிழமை வந்தா சீக்கிரம் குளிச்சு ரெடியாயிடுவாரு மேடம். நாங்க கெளம்பற வரைக்கும் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு நிப்பாரு. எங்களால பகல்ல கூட இருக்க முடியறதில்ல."

வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் எஞ்சின் இல்லை. என்னிடம் நாலஞ்சு பேர் இல்லை. ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

ஜெபமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மனுஷியிடம் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

பெயின்ட் வழிந்ததால் ஒதுக்கிவைத்த எஞ்சின் ஒன்று அவளிடம் இருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தருவதாகச் சொன்னாள். முதலாளியும், புகார் முடிந்தால் போதும், அனுப்பித் தொலையுங்கள் என்றுவிட்டார்.

"அக்கா, குழாயைப் புடுங்கி அந்தப் பக்கம் ஒட்டிரட்டுமா? மனுசன் சந்தோசப்படுவாரு."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர் முப்பது வருஷம் பார்த்த எஞ்சின் அதுதானே. ஆனால் கை வரவில்லை. தெரிந்தே தப்பாக ஒரு எஞ்சின் என் மேசையைத் தாண்டிப் போகாது. அவரிடம் ஒரு உண்மையை ஒளித்துவைத்தே இவ்வளவு நாள் தூக்கம் சரியில்லை.

"வேண்டாம். எஞ்சின் சரியாவே போகட்டும்" என்றேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

டவுன்ஹாலில் சலூன் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். முடி வெட்டி முடிந்ததும் பின்தலையைக் காட்டக் கையில் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி ஒன்று கேட்டேன்.

"புதுசா சலூன் வைக்கறீங்களாக்கா?" என்றார் கடைக்காரர்.

"ரயில் விடறதுக்குங்க" என்றேன். அவர் விலையை மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 22, வெள்ளி

எஞ்சினையும் கண்ணாடியையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பினோம். மூடுமுன் நானும் ஜெபமணியும் எஞ்சினைத் தலை முதல் கால்வரை பார்த்தோம். ஆணித்தலைகளைக்கூட எண்ணினோம். நாக்பூர்க்காரர் சொன்னது தப்புதான்.

செப்டம்பர் 28, வியாழன்

போனுக்கு இது கடைசி வியாழன்.

கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இளைத்திருந்தது.

"வந்துச்சும்மா. மறுபடியும் கொழாயை அந்தப் பக்கமே வச்சு அனுப்பிருக்கே. என்னா பிடிவாதம்! கண்ணாடி எதுக்கு?"

"குழாய் உங்க பக்கமா இருக்கற மாதிரி எஞ்சினை மேசைமேல வையுங்கண்ணா. மேசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. கண்ணாடியில பாருங்க."

நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம்.

"அண்ணா?"

"அதாம்மா." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அதான் எங்க வண்டி. இந்தா போவுது எடதுபக்கமா. அதான் கொழாய்."

அவர் யோசிக்கட்டும் என்று விட்டேன். நேரமாயிற்று.

"அப்ப நான் ஒரு நாள்கூட அதை நேராப் பாக்கலியா?"

"ஞாயித்துக்கெழமை பாத்திருப்பீங்களே?"

"ஞாயித்துக்கெழமைதானே கூட்டம். தல தூக்க முடியாது. செவ்வாக்கெழமை கடை லீவு. லீவன்னிக்கு எவன் ஸ்டேசனுக்கு வருவான்?"

"ஊருக்குப் போக வர ஏறியிருப்பீங்களே?"

"ஏறறப்ப எடம் புடிக்கிறதா, எஞ்சினைப் பாக்கறதா?" சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சினார். ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று அதட்டினேன். "மருந்து விட்ட தண்ணிம்மா" என்றார்.

அப்புறம் சொன்னார்: "அப்ப தப்பு ஒங்க பக்கம் இல்ல. சரிம்மா."

சரி. வந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் படம் அனுப்பினேன், வரைபடம் பார்த்தேன், சண்டை போட்டேன். வந்ததும் பயமாக இருந்தது. இந்த டைரியில் சமாளித்து எழுதியது போதும். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷர் போனை வைத்துவிட்டால் நாளைக்கு என்னோடு பேச மோட்டார் விஷயமாக வீட்டுக்கார அம்மாதான் இருக்கிறாள்.

"வச்சுரட்டுமா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர வைக்கவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம். அந்த எஞ்சின்ல ஒரு தப்பு இருக்குதுங்க."

"என்ன தப்பு?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களாத்தான் கண்டுபிடிக்கோணும்."

இந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து எங்கள் ரயிலில் தப்பு இருக்கிறது என்று நான் சொன்னதே இல்லை. எதிரே ஜெபமணி பிரஷ்ஷைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

"சின்னத் தப்பா, பெரிய தப்பா?" என்றார் கடைசியில்.

"ரொம்பச் சின்னதுங்க."

"கண்ணு இப்பத்தான் பண்ணிருக்கு. நாளாவுமே."

"ஆகட்டுமுங்க."

"ஒங்க நம்பர்தான் நிக்கப்போவுதுன்னியே."

என் செல் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது. "வீட்டுல நாலஞ்சு பேரு இருக்கறப்ப தொந்தரவா இருக்காதே?" என்றார்.

"யாரும் இல்லீங்கண்ணா. நான் மட்டுந்தான்."

"தெரியும்மா" என்றார்.

அக்டோபர் 5, வியாழன்

பேக்கிங்கில் மூன்றாவது நாள். விரலெல்லாம் பசை. மேற்பார்வை பார்ப்பவரிடம் கேட்டு டீ நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டேன்.

கூப்பிட்டார். "முன்சக்கரத்துல கம்பி ஒண்ணு கூடுதல். அதானே?"

"இல்லீங்க. அது சரியாத்தான் இருக்குது."

"அப்ப அடுத்த வாரம் பாக்கறேன்."

சமையல் என்ன என்று கேட்டார். தயிர்சாதம் என்றேன். திட்டினார்.

அந்த எஞ்சினில் ஒரு தப்பும் இல்லை.